சரியான வினைவடிவத்தை எழுதுக

கஸ்தூரியார் வீதியில்
நகைக்கடைக்கு மேல்மாடி.
கீழே பொன்னை உரசிப் பார்க்கிறார்கள்,
மேலே நாங்கள் வினைச்சொல்லை.
பதினாலு பேர்.
பன்னிரண்டு பேருக்குத் தாலி ஏறிவிட்டது,
விசா ஏறவில்லை.

படிப்பிக்கிற அபிசனுக்கு இருபத்துமூன்று வயது.
எனக்கு முப்பத்தைந்து.
மரியாதையாகத்தான் வெட்டுவான்.
"அக்கா, 'ஐ ஆம் மரீட் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' பிழை.
'ஹாவ் பீன்' போடுங்கோ. 'சின்ஸ்' வராது, 'ஃபோர்'.
அண்டைக்குத் தொடங்கி
இண்டைக்கும் நடந்துகொண்டிருக்கிறதுக்கு
'ஹாவ் பீன்'."

கொப்பியில் எழுதினேன்.
அடிமட்டம் வைத்துக் கோடும் கீறினேன்.
பிறகுதான் யோசனை வந்தது:
என்ன நடந்துகொண்டிருக்கிறது?

மண்டபத்தில் ஒரு நாள்.
ஒன்றுவிட்ட மாமிமார் வீடுகளில்
கோழிக்கறியோடு ஐந்து நாள்.
காய்ச்சலில் இரண்டு நாள், அது அவருக்கு.
மிச்சம் வெள்ளவத்தையில்
கடல் தெரியும் என்று சொல்லி வாங்கிய,
கடல் தெரியாத அறை.
கூட்டினால் பதினேழு.
அதற்குப் பிறகு அவருக்கு ரொறன்ரோவில் பனி,
எனக்கு வைபரில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.

தொடங்கி முடிந்தது என்றால்
இறந்தகாலம் போடச் சொல்கிறது புத்தகம்.
இறத்தல் என்றால் முன்னொரு காலம்
கடத்தல் என்றுதானாம் கருத்து.
இருக்கட்டும்.
பதினேழு நாளுக்குப் பக்கத்தில்
அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.

பக்கத்து வாங்கில் குருநகர் அன்ரனிற்றா.
அவளோடு சண்டை பிடிப்பது 'ஹாட் ஹாட்'.
"ஒரு 'ஹாட்' காணாதோ?
ஒருக்கால் இருந்ததே பெரிய பாடு.
அதுக்கு முதலும் இருந்தது எண்டு
இன்னொண்டு வேற வைக்கோணுமோ?"
வகுப்பே சிரித்தது.
அவள் விண்ணப்பத்தாளை மடித்தாள்.
முன்னைய துணையின் பெயர் கேட்கும் பெட்டி
மடிப்புக்குள் போயிற்று.

இன்றைக்கு நேர்முகப் பயிற்சி.
அபிசன் ரை கட்டி வந்திருந்தான்,
எம்பசிக்காரன் போல முகத்தை இறுக்கிக்கொண்டு:
கடைசியாக எங்கே சந்தித்தீர்கள்?
கட்டுநாயக்காவில்.
அவர் என்ன சொன்னார்?

"ஹி செட், ஐ ஆம் கோயிங் அண்ட் கமிங்."

முகம் உடனே தம்பியின் முகமாயிற்று.
"ஐயோ அக்கா, போறவர் எப்படி அதே நேரம் வாறது?
'ஐ வில் கம் பாக்.'
பொறுங்கோ, 'ஹி செட்' எண்டு தொடங்கினால்
'வில்' நிக்காது. 'வுட்' ஆகும்."

இதை ஒருவரும் எனக்கு முதலே சொல்லவில்லை.
அவர் வாயில் இருந்தபோது 'வில்'.
என் வாயால் திருப்பிச் சொன்னால்
ஒரு படி பின்னுக்கு இறங்கி 'வுட்'.
எடுத்துச் சொல்லச் சொல்லத் தேய்கிற சொல்,
கீழ்க்கடை உரைகல்லில் கொஞ்சம் ஒட்டிவிட்டுப் போகிற
பொன் மாதிரி.

ஆனால் தம்பி,
அவர் வருவன் என்று சொல்லவேயில்லை.
போட்டு வாறன் என்றார்.
நிகழ்காலம்.
ட்ரொலியைத் தள்ளி அந்தப் பக்கம் திரும்பும்போதே
இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டார்.
இதற்கு ஒரு வடிவம் உங்கள் அட்டவணையில்
எந்த நிரலில் இருக்கிறது?

கேட்கவில்லை. கேட்டால்
அடுத்த நாலு பேருக்கு நேரம் காணாது.

கரண்ட் நின்றது.
காற்றாடி கடைசிச் சுற்றைச் சுற்றி முடித்தது.
750 பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்,
நெல்லியடிக்கு இருக்க இடம் கிடைத்தால் அதிசயம்.
எழும்பினேன்.
"அப்ப நான் போட்டு வாறன் தம்பி."

வெண்பலகையை அழித்துக்கொண்டே,
திரும்பிப் பாராமலே சொன்னான்:
"ஓம் அக்கா, வாங்கோ."

பிழை என்று சொல்லவில்லை.
படியில் அன்ரனிற்றா
செருப்பு வார் போட்டுக்கொண்டிருந்தாள்,
என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடினாள்.